ரொட்டியோடு ஒரு பிடி கீரை
நீரிழிவு உள்ளவர்களுக்கு நார்ச்சத்து ஏன் தேவை?

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பெயர் தேவையில்லை. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்தில் எந்தத் தற்காலிக முகாமுக்குச் சென்றாலும் அவரைக் காணலாம். வயது ஐம்பத்தைந்து இருக்கும். முப்பது வருடம் கொழுந்து பறித்த கைகள். நாலைந்து வருடமாகச் சீனி வருத்தம். மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போவார், மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். லயத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் கோவா, போஞ்சி, முள்ளங்கி போட்டிருந்தார். வேலியில் சவ்சவ் கொடி, தண்ணீர் ஓடும் ஓரத்தில் வல்லாரை.

ஒரு இரவு மழை நிற்கவில்லை. மேட்டில் வெடிப்புக் கண்டது. உடுத்த உடையோடு இறங்கி வந்து பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தார்கள். அங்கே பசியில்லை. நல்ல மனங்கள் உணவு கொண்டு வந்தன. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் வெள்ளைச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும், இரவு நூடில்ஸ். இடையிடையே பிஸ்கட்டும் சீனி போட்ட தேத்தண்ணியும்.

அடுத்த கிளினிக்கில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "மாத்திரையை ஒருநாளும் விடவில்லையே, பிறகு ஏன் கூடியது?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. மனக்கவலையும் தூக்கமின்மையும் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதும் சீனியைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. மண்சரிவு வீட்டை மட்டும் கொண்டு போகவில்லை, பின்பக்கத்துப் பாத்தியையும் கொண்டு போய்விட்டது. அந்தப் பாத்திதான் அவருடைய நார்ச்சத்து.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கியதையும் கண்டோம். ஒவ்வொரு முறையும் உயிர்களையும் வீடுகளையும் எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் தப்பி வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம், அவர்களுடைய தட்டில் என்ன இருக்கிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

நார்ச்சத்து என்றால் என்ன?

நாம் உண்ணும் தாவர உணவில் குடலால் செரிக்க முடியாத பகுதி உண்டு. அதுவே நார்ச்சத்து. கீரை, மரக்கறி, பழம், பயறு, கடலை, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் அது இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால், சீனி, எண்ணெய் ஆகியவற்றில் அறவே இல்லை.

இது இரண்டு வகைப்படும். ஒன்று தண்ணீரில் ஊறிப் பசைபோல் ஆகும் வகை. பயறு, கௌபி, பருப்பு, வெண்டிக்காய், போஞ்சி, கொய்யா ஆகியவற்றில் இதைக் காணலாம். மற்றது தண்ணீரில் கரையாத சக்கை வகை. தவிட்டிலும் கீரைத் தண்டிலும் காய்கறித் தோலிலும் இது உண்டு. அநேகமான உணவுகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

நீரிழிவுக்கு இது எப்படி உதவுகிறது? மலைச்சரிவில் பெய்யும் மழையைப் பாருங்கள். மொட்டை மண்ணில் விழுந்த மழை ஒரே பாய்ச்சலில் கீழே ஓடுகிறது. புல்லும் வேரும் மூடிய மண்ணில் அதே மழை மெல்ல மெல்ல இறங்குகிறது. வெள்ளை மா ரொட்டியை மட்டும் உண்டால் அது விரைவில் குளுக்கோஸாக மாறி ஒரே வேகத்தில் இரத்தத்தில் பாய்கிறது. அதே ரொட்டியோடு கீரையும் பயறும் சேர்ந்தால், பசைபோன்ற நார் உணவை இரைப்பையில் சற்று நேரம் பிடித்து வைக்கிறது. குடலிலும் குளுக்கோஸ் மெதுவாகவே உறிஞ்சப்படுகிறது. நீரிழிவு உள்ளவரின் உடலில் இன்சுலின் போதாது, அல்லது இருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. மெதுவாக வரும் சீனியை அது ஓரளவு சமாளிக்கும், வெள்ளமாக வரும் சீனியைச் சமாளிக்க மாட்டாது.

நார் வயிற்றையும் நிறைக்கிறது. அதனால் அடுத்த ரொட்டியைக் கை தேடாது. கொலஸ்ட்ரோல் குறையவும் மலச்சிக்கல் நீங்கவும் அது துணை செய்கிறது.

ஆராய்ச்சிகள் சொல்வது

உகண்டா நாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர்கள் டெனிஸ் பேர்கிட், ஹியூ ட்ரொவெல் ஆகிய இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். நார் நிறைந்த உணவை உண்ட கிராமத்து மக்களிடம் மேல்நாட்டு நோய்கள் பல அரிதாகவே இருந்தன. நார் குறைந்த உணவுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ட்ரொவெல் 1975இல் எழுதினார்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த ஆய்வொன்று வெளியானது. நீரிழிவு உள்ள 13 பேருக்கு ஆறு வாரம் நாளொன்றுக்கு 24 கிராம் நார் உள்ள உணவும், இன்னொரு ஆறு வாரம் 50 கிராம் நார் உள்ள உணவும் கொடுத்தார்கள். விசேஷ மருந்தோ மாவோ எதுவும் இல்லை, வழக்கமான காய்கறி, பழம், தானியமே கொடுக்கப்பட்டன. நார் கூடிய வாரங்களில் நாள் முழுவதுமான இரத்தச் சீனி பத்து வீதமளவு குறைவாக இருந்தது.

சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் 2014இல் வெளியிட்ட ஆய்வு எமது உணவுக்கு இன்னும் நெருக்கமானது. உடல் எடை கூடியவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிட்டரிசி கொடுத்தபோது, உணவுக்குப் பிந்திய சீனி ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு பயறு வகையும் சேர்ந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. சோற்றை அடியோடு விட வேண்டும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. எந்தச் சோறு, அதற்குத் துணையாக என்ன என்பதே கேள்வி.

வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 25 கிராம் நாரும் 400 கிராம் காய்கறி பழங்களும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

ரொட்டி எம்மிடம் எப்படி வந்தது?

எமது முன்னோர் கோதுமை மாவோடு வந்தவர்கள் அல்லர். அவர்களுடைய ஊர்களில் கேழ்வரகும் கம்பும் சோளமும் அரிசியும் இருந்தன. தோட்டத்தில் அரிசிதான் பங்கீடாகக் கிடைத்தது, அதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றது. கோதுமை மா பங்கீட்டுக்குள் நுழைந்தது. 1973, 74இன் பஞ்சத்தில் தோட்ட மக்கள் பட்ட பாட்டை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்நாளில் ஒரு இறாத்தல் மா என்பது உயிர். பின்னர் 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. மா கடைக்குக் கடை வந்தது.

இதில் எம்மவர் மீது குற்றமில்லை. அதிகாலையில் எழுந்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு விரைவாகச் சுட்டு எடுக்கக்கூடிய உணவு ரொட்டிதான். கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் அதுவே வசதி. ஆனால் முன்பு ஏறி இறங்கிய மலை அந்த ரொட்டியைச் செரிக்க வைத்தது. முகாமில் மலையேற்றம் இல்லை, ரொட்டி மட்டும் மிச்சம்.

இந்நோய் நகரத்தாருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் எடுக்கப்பட்ட கணிப்பொன்று, 20 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அதன்பின் நிலைமை மோசமாகியதேயன்றிக் குறையவில்லை.

ஒரு நாள் கணக்கு

கணக்குப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நூறு கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் இருக்கும் நார் ஏறத்தாழ 3 கிராம். ஆட்டா மாவிலும் குரக்கன் மாவிலும் 11 கிராம் அளவில் இருக்கிறது. முழுப் பயறு நூறு கிராமில் 16 கிராம் வரை உண்டு. கரட், கோவா, போஞ்சி ஆகியவற்றில் நூறு கிராமுக்கு 3 கிராம் அளவு. ஒரு கொய்யாப் பழத்தில் 5 கிராம்.

நாள் முழுவதும் வெள்ளை மா 300 கிராம் உண்டாலும் 9 கிராம் நார்தான் சேரும். தேவை 25. இப்போது வேறு விதமாகப் பாருங்கள். ஆட்டா மா 100 கிராம், பயறு 50 கிராம், மரக்கறியும் கீரையும் 300 கிராம், ஒரு கொய்யா. கூட்டினால் 11, 8, 9, 5, மொத்தம் 33 கிராம். வெளிநாட்டுப் பொருள் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. நாமே பயிரிட்டு லொறி லொறியாகக் கொழும்புக்கு ஏற்றிய கரட்டும் கோவாவும் போஞ்சியும்தான். விற்பதற்கு நல்லதை அனுப்பிவிட்டு எமக்கு ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டோமே, அதை இனியாவது யோசிப்போம்.

சீனியின் கணக்கும் உண்டு. ஒருவர் நாளுக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் பன்னிரண்டு தேக்கரண்டி. நோயில்லாதவர்களே ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது என்று சொல்லப்படுகிறது. எத்தனை கீரை உண்டாலும் இந்தச் சீனியை அது கழுவி விடாது. கருப்பட்டி, சர்க்கரை என்று மாற்றுவதாலும் பயனில்லை, அவையும் சீனியே. சாயத் தேத்தண்ணியை வெறுமனே குடிக்கப் பழகுவதுதான் வழி. முதல் வாரம் கசக்கும், பிறகு நாக்குப் பழகிவிடும்.

முகாமில் இருக்கும்போது

"கொடுப்பதை உண்பதுதானே எங்கள் நிலை, தெரிவு எங்கே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆயினும் சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவது, கேளுங்கள். உதவி கொண்டு வருவோரிடம் பிஸ்கட் பெட்டிகளில் ஒன்றைக் குறைத்துப் பயறு, கௌபி, கடலை கொண்டு வரச் சொல்லுங்கள். அவையும் மூட்டையில் கெடாமல் இருக்கும். வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத சிவப்பரிசி கேளுங்கள். முகாம் குழுவில் நீரிழிவு உள்ளவர்களின் பட்டியல் ஒன்று இருக்கட்டும். அது சலுகை கேட்பதல்ல, குழந்தைக்குப் பால்மா கேட்பது போன்ற தேவை.

இரண்டாவது, சமையலறையில் சிறு மாற்றம். பருப்பைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாக, ஒரு கட்டுக் கீரையோடு சமைக்கலாம். மாவில் பாதி ஆட்டா அல்லது குரக்கன் சேர்த்து, துருவிய கரட்டோ அரிந்த கோவாவோ பிசைந்து ரொட்டி சுடலாம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கடலை கொடுக்கலாம்.

மூன்றாவது, தட்டை மூன்றாகப் பிரியுங்கள். பாதித் தட்டு மரக்கறியும் கீரையும், கால் தட்டு சோறு அல்லது ரொட்டி, கால் தட்டு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றின் கணக்கில்தான் வரும். முதலில் மரக்கறியையும் பருப்பையும் உண்டு, பிறகு சோற்றைத் தொடுங்கள். உண்ணும் வரிசையை மாற்றினாலே சீனி ஏறும் வேகம் குறையும்.

நான்காவது, பழத்தைப் பழமாகவே உண்ணுங்கள். பிழிந்து வடித்துச் சாறாக்கினால் நார் சக்கையோடு போய்விடும்.

சொல்லத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. நூறு பேருக்கு இரண்டு மலசலகூடம் உள்ள இடத்தில் பெண்கள் வேண்டுமென்றே குறைவாக உண்கிறார்கள், தண்ணீரையும் குறைக்கிறார்கள். இரவில் வெளியே போகப் பயம், வரிசையில் நிற்க வெட்கம். நீரிழிவு உள்ளவருக்கு இது ஆபத்து. தண்ணீரில்லாமல் நார் மட்டும் உண்டால் வயிறு இறுகும். ஆகவே வெளிச்சமும் கதவும் உள்ள மலசலகூடம் கேட்பதும் நீரிழிவு மருத்துவத்தின் ஒரு பகுதியே. குழுவில் உள்ள ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

நார்ச்சத்து மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல. பாகற்காய்ச் சாறோ வேறெந்தத் தூளோ குடித்துவிட்டு மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தியவர்கள் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் இழந்திருக்கிறார்கள். வைத்தியரைக் கேளாமல் எதையும் நிறுத்த வேண்டாம். இடம்பெயர்ந்ததில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் வெட்கப்படாமல் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள்.

இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்பவர்கள் உணவு நேரத்தைத் தவறவிடக்கூடாது. உணவு லொறி பிந்தினால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றிப் பேச்சுத் தடுமாறினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நாரை ஒரே நாளில் கூட்ட வேண்டாம். வயிறு உப்பும், காற்றுப் பிரியும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயறு, கீரை, பழம் ஆகியவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். வெள்ளம் ஏறிய இடத்தில் பிடுங்கிய கீரையைப் பச்சையாக உண்ண வேண்டாம், நன்றாகக் கழுவிச் சமைத்தே உண்ணுங்கள்.

குரக்கன் நல்லதுதான். ஆனால் குரக்கன் என்றதும் அளவில்லாமல் உண்ணலாம் என்றில்லை. மாவாக அரைத்த எதுவும் விரைவில் செரிக்கும். சீனி போட்ட குரக்கன் கஞ்சி நோயாளிக்கு ஆகாது.

35 வயதைக் கடந்தவர்கள் நோயின் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென்றே இலவசப் பரிசோதனைப் பிரிவுகள் திறக்கப்பட்டு வந்துள்ளன. கால்களைத் தினமும் பாருங்கள். அட்டை கடித்த சிறு காயமும் நீரிழிவு உள்ளவருக்குப் பெரும் புண்ணாகலாம்.

புதிய இடத்தில் முதல் பாத்தி

முகாம் என்றென்றைக்கும் இல்லை. ஒருநாள் புதிய இடம் கிடைக்கும். தோட்டப் பகுதியில் தனி வீட்டுக்குக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி என்ற கணக்கில் கொடுக்கப்பட்டு வந்தது. பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்துக்கு அது பிழைப்புக்குப் போதாது. அதற்கான நியாயத்தைக் கேட்பதை நாம் விடக்கூடாது. ஆயினும் வீட்டுக்குப் போக மிஞ்சும் நிலம் ஒரு குடும்பத்தின் கீரைக்குப் போதும்.

முதலில் விரைவில் பறிக்கக்கூடியதைப் போடுங்கள். கீரையும் முள்ளங்கியும் சில வாரத்தில் கைக்கு வரும். பிறகு போஞ்சி. வேலியோரத்தில் சவ்சவ். ஈரமான மூலையில் வல்லாரை. தாழ்ந்த, சூடான இடமென்றால் முருங்கையும் மரவள்ளியும் கொய்யாவும் வைக்கலாம். மரவள்ளிக் கிழங்கு மட்டும் சோற்றின் கணக்கு. நிலமே இல்லையென்றால் பழைய உரப்பையைக் கழுவி மண் நிரப்பினாலும் கீரை வளரும், முகாம் வாசலிலேயே தொடங்கலாம். விற்பனைக்குப் போடும் பாத்திக்கு மருந்தடிக்கிறவர்களும் வீட்டுக்கென்று ஒரு பாத்தியை மருந்தடிக்காமல் வையுங்கள். சரிவான நிலமென்றால் குறுக்கே கல்லணை வைத்துப் புல் நடுங்கள். மண்ணை மூடி வைப்பதன் அருமையை எமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தத் தாயிடம் திரும்பி வருவோம். அவருடைய நிலத்தை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் இன்று மத்தியானம் அவருடைய தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒரு அகப்பை பயறும் ஒரு பிடி கீரையும் வைக்க முடியும். தேத்தண்ணியைச் சீனியில்லாமல் நீட்டி, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்க முடியும். முகாமில் சமைப்பவர்களே, பரிமாறுபவர்களே, இதை நீங்கள்தான் தொடங்க வேண்டும். நாளைக்கு என்று வைக்காதீர்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே தொடங்குங்கள்.